மாதம் ஒரு காசா, காத்திருந்து ஒரு நல்ல காசா?

கொழும்பில் நாணயம் சேர்க்கிற இரண்டு பேர் சந்தித்தால் கதை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். மாதம் மூவாயிரம் ரூபா கையில் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அந்தந்த மாதமே கொண்டுபோய்க் கிடைக்கிற காசுகளில் போடுவதா, இல்லை ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ பொத்திவைத்து ஒரே ஒரு நல்ல காசு வாங்குவதா? நான் காத்திருக்கிற பக்கம், ஆனால் மற்றப் பக்கத்தில் இருக்கிற நியாயத்தைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது.

மாதாமாதம் வாங்குவதில் பெரிய லாபம் கை பழகுவது. வி.ஓ.சி. என்ற ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசு, ஐந்தாம் ஜோர்ஜின் தேய்ந்த ஒரு சதம், 1909இல் வந்த அந்தச் சதுர ஐந்து சதம் என்று சின்னச் சின்னதாக வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தால்தான் எடை, விளிம்பு, உலோகத்தின் நிறம் எல்லாம் மனதில் பதியும், படத்தைப் பார்த்து அது வராது. அதனால் புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகள் முதல் சில மாதங்கள் இப்படித்தான் வாங்க வேண்டும். ஆனால் அதோடு நிறுத்த வேண்டும். நிறுத்தாதவர்களின் டின்னைத் திறந்து பாருங்கள், ஒரே காசு ஐந்தாறு இருக்கும், ஒன்றிலும் ஆண்டைச் சரியாக வாசிக்க முடியாது. விற்கப் போனால் நிலைமை இன்னும் மோசம். முகம் மழுங்கிய வெள்ளி ஐம்பது சதத்தைச் செட்டியார் தெரு நகைக்கடைகளுக்குக் கொண்டுபோனால் நிறுத்துப் பார்த்து வெள்ளி விலைதான் சொல்வார்கள். அதிலும் 1917 வரை வந்தவற்றில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919இலிருந்து 550 பங்குதான், ஆக பின்னால் வந்த காசுக்கு அந்த விலையும் இறங்கிவிடும்.

இப்போது 1870ஆம் ஆண்டு ஒரு சதத்தை எடுங்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி, மறுபக்கம் தாளிப்பனை. தேய்ந்து கறுத்த நிலையில் இது தாராளமாகக் கிடைக்கும், விலையும் கொஞ்சம். ஆனால் மகாராணியின் கன்னமும் காதுக்கு மேலுள்ள தலைமுடியும் மழுங்காமல், பனை ஓலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, அச்சகத்திலிருந்து வந்த செம்பு நிறம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிற ஒன்றைத் தேடினால் அது வேறொரு காசு போலத்தான், விலையும் பல மடங்கு. காரணம் இருக்கிறது. சதம் என்பது ஏழை எளியவர் கையில் இடைவிடாமல் புழங்கிய காசு, அதை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. புழக்கத்தில் தப்பியதைக் கடற்காற்று கறுப்பாக்கியது. அதிலும் தப்பியதைப் பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்தில் புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். தேய்த்த காசு பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களும் இயல்பில்லாத இளஞ்சிவப்பும் காட்டிக்கொடுத்துவிடும். தேய்த்த காசுக்கு நல்ல காசின் விலை கொடுக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கிற கண் காத்திருக்கிற காலத்தில்தான் உருவாகிறது. காசு வாங்காத மாதங்களில் ஏலப் பட்டியல்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், கோட்டையில் சதாம் வீதிப் பக்கம் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலும் பழைய காசுகள் இருக்கின்றன. நல்லதைத் திரும்பத் திரும்பப் பார்த்த கண்ணுக்குச் சுமாரானது தானாகவே பிடிக்காமல் போகும்.

சரி, காத்திருப்பவர்களை 2022 பொருளாதார நெருக்கடி அடித்த அடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேல், மே மாதத்தில் 360 அளவில். செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வெளிநாட்டு ஏலத்தில் 1821ஆம் ஆண்டு வெள்ளி றிக்ஸ் டொலர், பிரித்தானியர் இலங்கைக்கென்று அடித்த அந்த யானை போட்ட காசு, வாங்குவதற்கென்று ரூபாவில் சேமித்தவருக்கு இலக்கு ஒரு சில வாரங்களில் கைக்கு எட்டாமல் போய்விட்டது, அதே காலத்தில் மாதாமாதம் வாங்கியவரிடம் குறைந்தது காசாவது இருந்தது. இது உண்மையான வாதம், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது காத்திருக்கவே கூடாது என்பதல்ல, ஐந்து வருடக் கனவு வைக்காதீர்கள் என்பதுதான். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடத்தில் எட்டக்கூடிய ஒரு காசைக் குறிவையுங்கள், முடிந்தால் இங்கேயே கிடைக்கக்கூடியதாக. முதல் இலக்காக றிக்ஸ் டொலர் வேண்டாம், நல்ல நிலையில் ஒரு 1870 சதம் போதும்.

கடன் வாங்கி இப்போதே வாங்குவது என்றொரு மூன்றாவது வழியும் சொல்கிறார்கள். வேண்டாம், வட்டி கட்டிக்கொண்டு ஒரு காசை ரசிக்க முடியாது. சீட்டுப் போடுவது பரவாயில்லை, செலவழிக்காமல் கையைக் கட்டிவைக்கும், ஆனால் சீட்டு விழுகிற மாதத்தில்தான் நல்ல காசும் சந்தைக்கு வரும் என்று இல்லையே. நல்ல காசு வந்தவுடன் பணத்தை எடுக்க முடிகிற சேமிப்புக் கணக்கே எனக்குப் பிடிக்கும். நெடுநாள் தெரிந்த வியாபாரியிடம் முற்பணம் கொடுத்து ஒதுக்கிவைக்கலாம், எழுதி வாங்கிக்கொண்டு.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருகிற காசுகளைப் பற்றியும் கேட்பீர்கள். றிக்ஸ் டொலர் அளவு விலையுள்ளதற்கு அது ஒரு பாதுகாப்பு. ஒரு சதத்துக்குத் தரம் போட அனுப்பும் செலவு காசின் விலையையே தாண்டிவிடும்.

ஒரே ஒரு இடத்தில் என் பேச்சை நானே மாற்றிக்கொள்வேன். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் அமர்ந்த அரசனும் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் உள்ள சோழர் செப்புக் காசு, அதைப் பார்த்துப் பொலன்னறுவை அரசர்கள் அடித்த காசுகள், நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் போட்ட யாழ்ப்பாண அரசின் காசு, இவற்றில் நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தவை நிறைய. தேயாததைத் தேடிக்கொண்டிருந்தால் கைக்கு ஒன்றும் வராது, எழுத்து வாசிக்க முடிந்தாலே நல்ல காசுதான். இங்கே காத்திருக்க வேண்டியது தரத்துக்காக அல்ல, எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய காசுக்காக. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட்கள், அனுமதியில்லாமல் தோண்டவும் கூடாது, நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. புதிதாகத் தோண்டிய மண்ணோடு யாராவது நீட்டினால் தொடாதீர்கள்.

காத்திருந்து வாங்குகிறவர் கணக்கில் இன்னொரு செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழுங்கிய காசு டின்னில் கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. செம்பு நிறம் மிஞ்சிய காசை வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீட்டில் திறந்து வைத்தால் அந்த நிறம் போய்விடும். பிவிசி கலந்த மலிவான மென்மையான உறை காலப்போக்கில் காசில் பச்சைப் பிசுபிசுப்பை ஏற்றும், பிவிசி இல்லாத மைலர் பிளாஸ்டிக் உறையோ கடினப் பெட்டியோ வாங்குங்கள், அதைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல்லைக் காலத்துக்குக் காலம் மாற்றுங்கள், காசைப் பிடிப்பதென்றால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.