மைனர் பாடம்: வானிலையா, காலநிலையா?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதே அவ்வளவு இல்லை. இதைக் கேட்டதும், "குமரிக்கடல் பக்கம் இருந்த மேலடுக்குச் சுழற்சி ஏன் அங்கேயே நின்று கொட்டியது?" என்று யோசித்தால் நீங்கள் வானிலை ஆள். "இப்படியொரு மழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும், இனி அடிக்கடி வருமா?" என்று யோசித்தால் காலநிலை ஆள். கல்லூரியில் மைனர் (செயின் போட்ட மைனர் இல்லை, துணைப்பாடம்) எடுக்கும்போது இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

வானிலையில் இயற்பியலும் நுண்கணிதமும் விடாது. மீனம்பாக்கத்தில் விடும் வானிலை பலூனையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். அந்த எண்களை வரைபடத்தில் கோடாக இழுத்து, கீழிருந்து கிளம்பும் காற்று சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் மேலே ஏறும், இடி மேகம் திரளலாம். உங்கள் விடைத்தாளை மறுநாள் காலை மழைமானி திருத்திவிடும். மழை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட வகுப்புக்குள் நுழைந்தவன் நான்.

காலநிலையில் அந்தச் சூடு கிடையாது. 1991 முதல் 2020 வரை என்று 30 வருடச் சராசரியோடு மல்லுக்கட்டவேண்டும். புள்ளியியலும் பைத்தான் நிரல் மொழியும் கைவசம் வேண்டும். பாதி நேரம் விடுபட்ட பதிவுகளையும், வெப்பமானியை இடம் மாற்றியதால் வந்த பொய்யான ஏற்றத்தையும் சரிசெய்வதிலேயே போய்விடும். ஆனால் நீர்வளம், பயிர்க் காப்பீடு, நகரத் திட்டம் என்று போகிறவர்களுக்கு இதுதான் சோறு போடும்.

வேலை? மைனரை மட்டும் நம்பி முன்னறிவிப்பாளர் ஆக முடியாது. அமெரிக்க அரசின் வானிலையாளர் பணிக்கே இந்தத் துறையில் 24 செமஸ்டர் மணி நேரப் பாடம் (வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தால்தான் அதில் ஒன்று) கேட்கிறார்கள். மைனர் பெரும்பாலும் அதை எட்டாது.

பொருளாதாரம், வேளாண்மை, சிவில் படிப்பவர்கள் காலநிலைக்குப் போகலாம். இயற்பியல், கணிதம் படிப்பவர்களுக்கு என் ஓட்டு வானிலைக்குத்தான். காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்குள் ஓடுவதும் அதே காற்றோட்டச் சமன்பாடுகள்தான். அப்புறமாகக்கூட அந்தப் பக்கம் தாவிக்கொள்ளலாம், திரும்பி வருவதுதான் கஷ்டம். ஒன்று மட்டும், சேருமுன் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். வளிமண்டல இயக்கவியல் (காற்று ஏன், எப்படி நகர்கிறது என்ற கணக்கு) இல்லாமல் 'வானிலை' என்று பெயர் மட்டும் வைத்திருந்தால், பேசாமல் காலநிலையையே எடுத்துவிடுங்கள்.