பழைய எம்ஜிபி: ஓட்டிக்கொண்டே சீர்செய்வதா, முழுசா பிரிப்பதா?

1962 முதல் 1980 வரை வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுகள்தான் முதுகெலும்பு. புதுச்சேரி கடற்கரையோரம் நிற்கும் வண்டியில் துரு முதலில் தேட வேண்டிய இடமும் அதுதான். கார்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் 'ஓட்டிக்கொண்டே செய்வோம்' என்ற பேச்சே வேண்டாம்.

சில் கெட்டியாக இருந்தால் பகுதி பகுதியாகச் செய்வதே என் ஓட்டு. முதலில் பிரேக் ஹோஸ், சிலிண்டர் ரப்பர்கள், டயர். அடுத்து பெட்ரோல் ஹோஸ்: பழைய ரப்பரை 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் கெடுக்கும், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போடுங்கள். பிறகு வயரிங். சீட்டும் துணி டாப்பும் கடைசி. ஒரு வேலை முடிந்து வண்டி ஓடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

முழுசா பிரித்தால் வெல்டிங் சுத்தமாக அமையும், ஆனால் செலவும் இடமும் எகிறும். சில்லை வெட்டுமுன் கதவு இடைவெளியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்காவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து கதவு மூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டிப் பார்த்த பிறகே மறுபக்கம். உப்புக்காற்றில் வெறும் தகடு ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகும். தேய்த்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சாதா பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்டிங் வைக்கவே வைக்காதீர்கள்.