கொசுவின் மரபணுத்தொகையை நம் மேசைக்குக் கொண்டுவரும் மலேரியாஜென் தரவுச் சேவை

ஆப்பிரிக்காவின் 19 நாடுகளில் இயற்கைச் சூழலிலிருந்து பிடிக்கப்பட்ட மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் காம்பியே இனக்குழுவைச் சேர்ந்த 2,784 கொசுக்களின் மரபணுத்தொகைகளை (முழு டி.என்.ஏ. வரிசைகளை), மலேரியா மரபியலை ஆராயும் மலேரியாஜென் கூட்டமைப்பு தன் திட்டத்தின் மூன்றாம் கட்டத் தரவாகக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. தரவு முழுவதும் கூகுள் மேகக்கணியில் இருப்பதால், அணுகலுக்குப் பதிவுசெய்து பைத்தான் நிரல்தொகுப்பை நிறுவினால், உலாவியிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இச்சேவையின் உண்மையான வலிமை பூச்சிக்கொல்லி எதிர்ப்பை ஆராயும்போது தெரிகிறது. கொசுவலைகளில் பூசப்படும் பைரித்ராய்டு மருந்து, கொசுவின் நரம்புச் செல்களில் உள்ள சோடியம் வாயில் என்ற புரதத்தைத் தாக்குகிறது; அப்புரதத்துக்கான மரபணுவின் அடையாள எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு பிறழ்வும் எந்த நாட்டில், எந்த ஆண்டில், எவ்வளவு பரவியிருந்தது என்பது வண்ணக் கட்டங்களாக விரிகிறது. அப்புரதத்தின் 995ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய நிலையில், புர்கினா ஃபாசோவின் கொசுக்களில் பினைல்அலனினும் உகாண்டாவின் கொசுக்களில் செரினும் மேலோங்கியிருப்பதை, அதாவது ஒரே மருந்துக்கு எதிராகப் பரிணாமம் இருவேறு வழிகளில் சென்றிருப்பதை, அந்த ஒரே படத்தில் காணலாம். பாடநூலில் பல பக்கங்கள் படித்தாலும் இத்தெளிவு கிடைப்பது அரிது.

குறைகளும் உண்டு. நிரலெழுதத் தெரியாத பூச்சியியல் மாணவர் தொடக்கத்திலேயே திணறுவார். இலவசப் பயிற்சிப் பாடங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ளன என்பது ஓரளவு ஆறுதல். முழுக் குரோமோசோமையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் உலாவியில் நிரலை இயக்க உதவும் கூகுள் கோலாப் சேவையின் இலவசக் கணக்கில் நினைவகம் போதாமல் வேலை நின்றுவிடும் என்பதால், ஒரு மரபணுப் பகுதியை மட்டும் எடுத்துத் தொடங்குவதே நல்லது.