ஒரே நாளில் வெள்ளையாகிற மதில்: கழுவ ஆள் பிடிக்க முதல்

மாரி முடிந்து தை பிறக்கும்போது யாழ்ப்பாணத்து மதில்களின் அடியில் பச்சைப் பாசியும், கூரை ஓரத்துக்குக் கீழே கறுப்புக் கறையும் ஏறியிருக்கும். அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற பிரஷர் வோஷர் மெசினோடு ஆட்கள் கேற்றடிக்கு வருவது அப்போதுதான். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னரும் ஒரு சுற்று வருவார்கள். வெளிநாட்டில் இருந்து வீட்டுக்காரர் வந்திறங்க முதல் வீடு பளிச்சென்று இருக்கவேணும் என்ற அவசரம் அவர்களுக்குத் தெரியும். ஒழுங்காக வேலை செய்பவர்கள் இல்லாமல் இல்லை. இந்தப் பதிவு மற்றவர்களைப் பற்றியது: சதுர அடிக்கு ஊரிலேயே குறைந்த விலை, அரைவாசி முற்பணம், ஒரே நாளில் வேலை முடிவு, அடுத்த மாரியில் முன்னையிலும் மோசமான சுவர்.

ஏமாற்று சாம்பிள் காட்டுவதில் தொடங்குகிறது. "அக்கா, இதிலை கொஞ்சம் அடிச்சுக் காட்டுறன், பாருங்கோ" என்று மதிலில் ஒரு சாண் அகலத்துக்கு அடிப்பார்கள். பட்ட இடம் நேற்றுப் பூசியது மாதிரித் தெரியும். தெரியத்தான் செய்யும், போனது பாசி மட்டுமல்ல, பூச்சின் மேல்தோலும்தான். மெசினின் முனையில் மாட்டுகிற நொசில்களுக்கு, தண்ணீர் விரிகிற கோணத்தைக் காட்ட நிறக் கணக்கு உண்டு: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பு நொசில் முழு வேகத்தையும் ஒரே புள்ளியில் இறக்கும். அதற்குச் சுவரில் வேலையே இல்லை. பெயின்ற் அடித்த பூச்சுக்கு வெள்ளை நொசில், ஒன்றரை தொடக்கம் இரண்டு அடி தூரம், 40 பார் அளவான அழுத்தம் போதும். பெற்றோல் மெசின்களில் 200 பாருக்கு மேல் தள்ளக்கூடியவையும் உண்டு. அதைக் குறைக்காமல் கிட்டப் பிடித்தால் சுவர் சொரசொரப்பாகும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாசிக்கு வசதியாகப் போய்விடும். சாம்பிள் அடித்த இடம் காய்ந்தபின் கையால் தடவிப் பாருங்கள். மணல் கையோடு வந்தால் ஆளை அனுப்பிவிடலாம்.

அதைவிடக் கெட்டது அசிற். லேபல் கிழித்த கானில் கொண்டுவந்து "கொம்பனிக் கெமிக்கல்" என்பார்கள். பெரும்பாலும் அது கக்கூஸ் கழுவுகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். சுவரில் பட்டதும் நுரைத்துச் சீறினால், மூக்கைக் குத்தினால், சந்தேகமே வேண்டாம். அந்த நுரை அழுக்குக் கரைவதால் வருவதல்ல, சுண்ணாம்பு கரைவதால் வருவது. எங்கள் பழைய வீடுகளில் சுவரும் சுண்ணாம்புக்கல், பூச்சும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு இரண்டும் சாப்பாடு. சாவியால் கீறும்போது பூச்சு மெதுவாக, வெண்தூளாக உதிர்ந்தால் அது சுண்ணாம்புப் பூச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். சீமெந்துப் பூச்சும் தப்பாது. உள்ளே இறங்கிய குளோரைட்டு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். சன்சேட் விளிம்பு வெடித்து விழுகிறபோது யாரும் அந்தக் கானை நினைப்பதில்லை.

பாசியை உரிக்கத் தேவையில்லை, சாகடித்தால் போதும். அதற்கான மருந்து கிணற்றுக்குப் போடுகிற குளோரின்தான். 65 தொடக்கம் 70 வீதத் தூள் என்றால் 10 லீற்றர் தண்ணீருக்கு 150 கிராம். 30 வீத பிளீச்சிங் பவுடர் என்றால் 330 கிராம். இரண்டும் ஏறத்தாழ 1 வீதக் கரைசல் தரும். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். அரை மணித்தியாலம் அடைய விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கவேணும். மண்டியோடு அடித்தால் சுவரில் வெள்ளைத் திட்டு விழும், அதையும் ஒரு "கறை" என்று சொல்லிக் கழுவக் காசு கேட்பார்கள்.

முதலில் செடிகளை நன்றாக நனைத்துவிட்டு, காலை வெயில் ஏற முதல், கைப்பம்பால் கீழிருந்து மேலாக அடிக்கவேணும். மேலிருந்து அடித்தால் வழிந்த கோடுகள் லேசில் போகாது. 10 தொடக்கம் 15 நிமிடம் காயவிடாமல் வைத்திருந்தால் பச்சை வெளிறிப் பழுப்பாகும். பிறகு மேலிருந்து கீழாகச் சாதாரண ஹோஸ் பைப்பால் கழுவினால் சரி. கறுப்புக் கறைக்கு இரண்டாம் தரம் தேவைப்படலாம். நிறப் பெயின்ற் வெளிறக்கூடும் என்பதால் பின்பக்கச் சுவரில் ஓர் இடம் பார்த்துவிட்டே தொடங்கவேணும். கேற், கிறில், பிணைச்சல்களில் பட்டதை உடனே கழுவாவிட்டால் துரு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அசிற் அடித்த இடத்தில் குளோரின் அடிக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். இதைத் தெரியாத ஆட்கள் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று அடிக்கிறார்கள்.

சுவர் அடியில் மாப்போல வெள்ளையாகப் பூப்பது பாசியல்ல, உப்பு. ஈரம் ஏறுவதால் வருவது. அதைத் தண்ணீரால் அடித்துப் போக்கிக் காட்டிக் காசு வாங்குவது சுலபம். சுவர் காயக் காயத் திரும்பப் பூக்கும். காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேணும்.

கிணற்றைப் பற்றி இவர்களில் எவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் காலடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வளவில் ஊற்றுவது பெரிதாக வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்குப் போய்விடும். கழுவின தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாமல் வரம்பு கட்டச் சொல்லுங்கள், கிணற்றை மூடச் சொல்லுங்கள், மருந்து கலக்குகிற இடத்தைத் தூரத்தில் காட்டிவிடுங்கள். தண்ணீர்க் கணக்கும் உண்டு: நிமிடத்துக்கு 8 லீற்றர் என்றால் ஆறு மணித்தியாலத்துக்கு 2,880 லீற்றர். ஆனி, ஆடி வறட்சியில், அதுவும் கரையோரத்தில், இடைவிடாமல் இறைத்தால் உவர் ஏறும். மாசி, பங்குனியில் கழுவுவதுதான் புத்தி. பிறகு பெயின்ற் அடிக்க முதல் சுவர் காயவும் வெயில் கிடைக்கும்.

கூரைக்கு மெசின் வேண்டவே வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் அழுத்தத் தண்ணீர் அடித்தால் மேலே உள்ள சீமெந்து போய் நார் வெளிப்படும். அந்த நாரைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பேராபத்து. காய்ந்த சீற்றைச் சுரண்டுவதும் அதே ஆபத்துத்தான். ஓட்டில் அடித்தால் தண்ணீர் கீழிருந்து மேலாக ஓட்டுக்கு இடையில் புகுந்து சலாகையை ஊறவைக்கும். சுவர் கழுவும்போதும் வெளிப் பிளக், கமரா, ஏசியின் வெளிப்பெட்டி ஆகியவற்றைப் பொலித்தீனால் மூடி, அவற்றின் மின் இணைப்பை நிறுத்திவிட்டே தொடங்கவேணும்.

காசு பறிபோகும் இடங்கள் வேறு. "அண்ணை, நனோ கோட்டிங் அடிச்சா அஞ்சு வருசத்துக்குப் பாசி வராது" என்பார்கள். தண்ணீர் ஒட்டாத சிலிக்கோன் பூச்சுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் ஈரம் உறிஞ்சும் பூச்சுச் சுவரில் ஒரு லீற்றர் ஏறத்தாழ 40, 50 சதுர அடிக்குத்தான் காணும். ஆயிரம் சதுர அடிக்கு 4 லீற்றர்க் கான் ஒன்றோடு வந்தால் மிச்சம் கிணற்றுத் தண்ணீர். சீல் உடைக்காத கானாக உங்கள் முன் திறக்கவேணும், வெறுங்கான்களை விட்டுப் போகவேணும் என்று முதலே பேசுங்கள்.

அளவெடுக்கும்போது கதவு, யன்னல், கேற் கழிக்கப்படுகிறதா, மதில் ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று எழுத்தில் வாங்கவேணும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வட்ஸ்அப்பில் வருகிற படங்கள் பெரும்பாலும் ஈரச் சுவரின் படங்கள். ஈரத்தில் எல்லாச் சுவரும் ஒரே நிறம். திட்டும் கீறலும் காய்ந்தால்தான் தெரியும். மூன்றாம் நாள், மத்தியான வெயிலில், உறவினர் ஒருவர் எடுத்த படம் வந்த பிறகே கடைசிக் காசு. முற்பணம் மருந்துச் செலவுக்கு மேல் போகக்கூடாது.

ஏற்கெனவே அசிற் அடித்துவிட்டார்களா? வேலையை உடனே நிறுத்தி, மெசின் இல்லாமல் ஹோஸால் நிறையத் தண்ணீர் விடுங்கள். 10 லீற்றருக்கு அரைக் கிலோ அப்பச்சோடா கரைத்து அடித்து, திரும்பக் கழுவுங்கள். சுவர் முழுதாகக் காயும்வரை பெயின்ற் வேண்டாம், அடித்தால் கொப்பளிக்கும். உதிர்ந்த பழைய பூச்சைச் சீமெந்தால் ஒட்டவும் கூடாது. அது ஈரத்தை உள்ளே அடைத்து, பக்கத்தில் உள்ள நல்ல பூச்சையும் இழுத்துக்கொண்டு விழும். சுண்ணாம்புச் சாந்தில் வேலை தெரிந்த மேசன் கிடைக்கும்வரை அந்த இடத்தை அப்படியே விட்டுவைப்பது மேல்.