சின்ன வேலைகளுக்கான 40 நாள் ஆடியோ தியானம்: முழுசா முடிச்சுட்டு எழுதற ரிவ்யூ

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் இந்த ரிவ்யூ உங்களுக்கு பொருந்துமா இல்லையான்னு தெரியும். பகல்ல ஆபீஸ்ல பில் என்ட்ரி, நம்பர் பாத்து நம்பர் அடிக்கற வேலை. வீட்டுக்கு வந்தா படுத்த படுக்கையா இருக்கற மாமியாருக்கு உடம்பு துடைச்சு, துணி மாத்தி, மருந்து குடுத்து, பெட்ஷீட்ட அலசி காயப்போட்டு, அதுக்கப்புறம் பைபிள திறந்தா ரெண்டாவது வசனத்துலயே கண்ணு சொருகிடும். சர்ச்ல யாராவது "சிஸ்டர், நீங்க என்ன ஊழியம் பண்றீங்க"ன்னு கேட்டா "ஒண்ணும் இல்ல பிரதர்"னு சொல்லிட்டு இருந்தேன், வருஷக்கணக்கா. அந்த பதில் எவ்வளவு தப்புன்னு எனக்கு புரிஞ்சது இந்த தியானத்துலதான். இந்த தியானம் வர்ற ஆப் பேரு போடல, குறையும் நிறைய சொல்லப்போறேன், அதோட இந்த மாதிரி தியானம் இப்போ பல ஆப்ல வருது, நீங்க எத எடுத்தாலும் நான் சொல்றத வெச்சு பாத்துக்கலாம்.

அமைப்பு ரொம்ப சிம்பிள். காலையில 7 நிமிஷ ஆடியோ, ஒரு வேதபகுதி, அன்னைக்கு செய்ய ஒரு சின்ன காரியம், ராத்திரி ஒரே ஒரு கேள்வி. அந்த கேள்வி 40 நாளும் அதேதான்: "இன்னைக்கு யாரும் பார்க்காத எந்த வேலையை ஆண்டவருக்குன்னு செஞ்சீங்க?" டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம், நெட் வேண்டாம். குரல் நிதானமா இருக்கு, பிரசங்க தொனி இல்ல. பின்னணி மியூசிக் மட்டும் தேவையில்லாத இடத்துல ஏறி வருது, அத நிறுத்த வழி குடுக்கல.

உள்ளடக்கம்தான் இதோட பலம். முதல் ரெண்டு வாரம் முழுக்க பைபிள்ல நாம வேகமா தாண்டிப் போற ஆட்கள். 6வது நாள் லேவியர்ல ஒரு குடும்பமான மெராரி புத்திரர், எண்ணாகமம் 4. இஸ்ரவேலர் வனாந்தரத்துல பிரிச்சு தூக்கிட்டுப் போன ஆராதனைக் கூடாரம்தான் ஆசரிப்புக் கூடாரம், அதோட பலகை, தாழ்ப்பாள், பாதம், முளை, கயிறு, இதையெல்லாம் சுமக்கறதுதான் இவங்க வேலை. உடன்படிக்கைப் பெட்டி கோகாத்தியர்ன்ற இன்னொரு லேவி குடும்பத்துக்கு, இவங்களுக்கு முளையும் கயிறும், 3200 பேருக்கு. ஆனா 32வது வசனத்துல அந்த சாமான்கள ஒவ்வொண்ணா பேர் சொல்லி ஒப்படைக்கணும்னு கர்த்தர் சொல்றாரு, கவனிச்சிருக்கீங்களா? நான் எத்தன தடவ எண்ணாகமம் வாசிச்சிருப்பேன், இத கண்டதே இல்ல. ஒரு முளை குறைஞ்சாலும் அடுத்த இடத்துல கூடாரம் சரியா நிக்காது இல்லையா. அன்னைக்கு ஆபீஸ்ல பில்ல ஒவ்வொண்ணா எடுக்கும்போது இந்த வசனம் மனசுல ஓடிட்டே இருந்தது.

அடுத்து வாசல்காவலர், 1 நாளாகமம் 9. 212 பேர். காலையில ஆலயக் கதவ திறக்கறது, பணிமுட்டுகள, அதாவது ஆராதனைக்கான பாத்திரங்கள, எண்ணி உள்ள கொண்டு வந்து எண்ணி வெளிய கொண்டு போறது, அவ்வளவுதான் வேலை, அதுவும் தினமும். இந்த வேலைல கோராகின் வம்சத்தாரும் இருந்தாங்க. ஆகாமியக் கூடாரங்கள்ல, அதாவது துன்மார்க்கர் வீடுகள்ல, குடியிருக்கறத விட என் தேவனோட ஆலய வாசற்படியில நிக்கறதே மேல்னு 84ம் சங்கீதத்துல வருதே, அந்த சங்கீதத்தோட தலைப்புல கோராகின் புத்திரர்னுதான் இருக்கு! இத்தன நாள் அத ஒரு அழகான உவமைனு நெனச்சு பாடிட்டு இருந்தேன், நெஜமாவே வாசல்ல நின்ன குடும்பத்தோட பாட்டு அது. நான் ஆடியோவ நிறுத்திட்டு அந்த சங்கீதத்த திரும்ப முதல்ல இருந்து வாசிச்சேன்.

தெர்தியுவ பத்தி ஒரு நாள் இருக்கு. ரோமர் நிருபம் 16 அதிகாரம், 433 வசனம், பவுல் சொல்ல சொல்ல உக்காந்து எழுதினது இவர்தான், 16:22ல ஒரே வரியில தன் பேர சொல்லி வாழ்த்திட்டு போயிடறாரு. நாள் முழுக்க அடுத்தவங்க குடுக்கற எழுத்த அடிக்கற எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்னு சொல்லத் தெரியல. தொற்காள் பத்தினதும் நல்லா இருந்தது, அப்போஸ்தலர் 9ல அவங்க பேசின ஒரு வார்த்தை கூட பதிவாகல, அவங்க இறந்தப்போ விதவைகள் அழுதுட்டே எடுத்துக் காட்டினது அவங்க தெச்சுக் குடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான். ஆசரிப்புக் கூடார வேலைய செஞ்ச பெசலெயேல் பத்தின நாள் கொஞ்சம் மேலோட்டமா போயிடுச்சு, தேவஆவியால நிரப்பினேன்னு கர்த்தர் ஒரு கைவேலைக்காரன பத்தி சொல்றது எவ்வளவு பெரிய விஷயம், அத இன்னும் விரிச்சிருக்கலாம்.

மூணாவது வாரம் சபை வரலாறு. பிரதர் லாரன்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், போர்ல அடிபட்ட சிப்பாய், 1640ல பாரிஸ்ல கார்மெல் மடத்துல சேந்து வருஷக்கணக்கா சமையலறையில வேலை பாத்தவரு, அந்த வேலை அவருக்கு இயல்பா பிடிக்காத வேலைன்றத மட்டும் நம்ம யாரும் சொல்றதில்ல. பிடிச்சு செஞ்சாரு அதனால தேவபிரசன்னம் கிடைச்சதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். தரையில கிடக்கற ஒரு துரும்ப எடுக்கறதையும் தேவன் மேல இருக்கற அன்புக்காக எடுத்தா போதும்னு வாழ்ந்தவரு, வயசான காலத்துல மடத்துக்காரங்களுக்கு செருப்பு தெச்சுக் குடுத்து 1691ல இறந்து போனாரு.

ஆனா என்ன உட்கார வெச்சது, சபை சீர்திருத்தத்த தொடங்கின மார்ட்டின் லூத்தர் பத்தின நாள். 1522ல திருமண வாழ்க்கைய பத்தி எழுதினதுல ஒரு இடம், ஒரு அப்பா குழந்தையோட அழுக்குத் துணிய துவைக்கறாரு, பாக்கறவங்க எல்லாம் பொம்பள வேலை செய்றான்னு சிரிக்கறாங்க, ஆனா அவர் விசுவாசத்தோட அத செஞ்சா தேவனும் தூதர்களும் சந்தோஷத்துல சிரிக்கறாங்கன்னு சொல்றாரு. அதுக்கு முன்னால தேவ அழைப்புன்னா துறவிகளுக்கும் குருமார்களுக்கும்தான்ற எண்ணம் பரவலா இருந்த காலம், அந்த வார்த்தைய எடுத்து செருப்பு தைக்கறவனுக்கும் தாய்க்கும் வீட்டு வேலைக்காரிக்கும் குடுத்தாரு. நம்ம தமிழ்லயும் இதே பிரச்சனதான் இருக்குன்னு எனக்கு தோணுச்சு. ஊழியம்னா பாஸ்டர் செய்றது, மத்ததெல்லாம் வேலைன்னு பிரிச்சு வெச்சிருக்கோம், ஆனா நம்ம வேதாகமத்துல மத்தேயு 25ல வர்ற தாலந்து உவமையில எஜமான் காசு குடுத்துட்டு போறது ஊழியக்காரர்கிட்டதானே, அவங்க யாரும் பிரசங்கியார் இல்லையே. மாமியாரோட துணிய அலசும்போது நான் செய்றது ஊழியம்தான்னு அன்னைக்கு முதல் தடவையா வாய்விட்டு சொன்னேன்.

17வது நாள் குடுத்த காரியம் "யாரும் செக் பண்ணப் போகாத ஒரு வேலையை இன்னைக்கு சரியா செய்யுங்க". நான் பழைய என்ட்ரிய எடுத்து பாத்தேன், மூணு மாசத்துக்கு முன்னாடி நான் அடிச்சதுல ரெண்டு பில்லுல தொகை மாறி இருந்தது, யாருமே கண்டுபிடிக்கல, கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டாங்க. மேலதிகாரிகிட்ட போய் சொன்னேன், கை நடுங்குச்சு. அவர் பாத்துட்டு "சரி, திருத்திடுங்க"ன்னு சொன்னாரு. பாராட்டும் இல்ல, திட்டும் இல்ல. திரும்ப வந்து உக்காந்து அடுத்த பில்ல எடுத்தேன், அவ்வளவுதான், ஆனா அன்னைக்கு இருந்த நிம்மதிய இதுவரைக்கும் எந்த கூட்டத்துலயும் நான் அனுபவிச்சதில்ல.

இப்போ குறைகள், இத மறைச்சா ரிவ்யூ எழுதறதுல அர்த்தம் இல்ல.

24வது நாள கேக்கவே வேண்டாம்னு சொல்வேன். கொஞ்சத்துல உண்மையா இருந்தா ஆண்டவர் உங்கள பெரிய பதவியில உக்கார வைப்பாருன்னு ஒரே ப்ரமோஷன் பேச்சு. மத்தேயு 25அ கொஞ்சம் நிதானமா வாசிச்சா அஞ்சு தாலந்து வாங்கினவனுக்கும் ரெண்டு தாலந்து வாங்கினவனுக்கும் எஜமான் சொல்ற வார்த்தை ஒண்ணேதான், எழுத்துக்கு எழுத்து. சின்ன வேலைய பெரிய வேலைக்கு ஏணியா பாத்தா நீங்க சின்ன வேலைய செய்யவே இல்ல, அத தாண்டிப் போகத்தான் பாக்கறீங்க. பத்து வருஷமா எழுந்திருக்காத ஒருத்தர பாத்துக்கற பொண்ணுக்கு என்ன ப்ரமோஷன் வரப்போகுது, அவகிட்ட இத சொல்ல முடியுமா?

கொலோசெயர் 3:23 மூணு நாள் வருது, எதைச் செஞ்சாலும் மனுஷருக்குன்னு செய்யாம கர்த்தருக்குன்னு மனப்பூர்வமா செய்யணும்ன்ற வசனம். எனக்கு உயிரான வசனம்தான். ஆனா அது யாருக்கு எழுதினதுன்னு ஒரு வார்த்தை சொல்லணுமில்ல. தமிழ்ல வேலைக்காரரேன்னு இருக்கு, கிரேக்கத்துல அடிமைகளேன்னு அர்த்தம். அடிமையா இருந்தவனோட வேலையையும் கர்த்தர் தனக்குன்னு ஏத்துக்கறாருன்றதுதான் அங்க அதிசயம். அடுத்த அதிகாரம் முதல் வசனத்துலயே எஜமான்கள பாத்து நீதியும் செவ்வையுமானத செய்ங்க, உங்களுக்கும் மேல ஒரு எஜமான் இருக்காருன்னு பவுல் சொல்றாரு. இந்த 40 நாள்ல ஒரு நாள் கூட அந்த வசனம் வரல! சம்பளத்த பிடிச்சு வெச்சா அந்த கூலியே கூக்குரலிடும்னு யாக்கோபு 5:4ல இருக்கு, அதுவும் வரல. எகிப்துல வைக்கோல் குடுக்காம அதே கணக்குக்கு செங்கல் கேட்டப்போ, உண்மையா செங்கல் அறுங்கன்னு கர்த்தர் சொல்லி விட்டாரா, விடுவிச்சு கூட்டிட்டுதானே போனாரு. இந்த பக்கத்த சொல்லாம விட்டா இந்த மாதிரி தியானத்த ஆள அளவுக்கு மீறி வேலை வாங்கறதுக்கு பயன்படுத்துவாங்க, ஏற்கனவே பயன்படுத்தறாங்க.

எல்லாத்த விட பெரிய குறை அந்த ஸ்ட்ரீக், அதாவது விடாம எத்தன நாள் செஞ்சோம்னு ஆப் எண்ற கணக்கு. தினமும் ராத்திரி கேள்விக்கு பதில் எழுதினா ஒரு தீபம் ஏறும், 7 நாளுக்கு ஒரு பேட்ஜ், 21 நாளுக்கு ஒரு பேட்ஜ், ஷேர் பண்ண ஒரு பட்டன். வலது கை செய்றது இடது கைக்கு தெரிய வேண்டாம்னு மத்தேயு 6ல சொன்ன ஆண்டவரோட பேர்ல யாரும் பார்க்காத வேலையை எழுதச் சொல்லி அத ஷேர் பண்ணவும் பட்டன் குடுத்தா என்ன அர்த்தம்? 29வது நாள் ராத்திரி மாமியாருக்கு காய்ச்சல் ஏறிடுச்சு. விடிய விடிய பக்கத்துலயே உக்காந்து நெத்தியில ஈரத்துணி மாத்தி மாத்தி போட்டுட்டு, அவங்க கைய பிடிச்சுட்டே ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். போன தொடவே இல்ல. காலையில திறந்து பாத்தா தீபம் அணைஞ்சு போய் 0ன்னு காட்டுது, "உங்கள் உண்மைத்தன்மை தடைபட்டது, மீண்டும் தொடங்குங்கள்"னு ஒரு மெசேஜ். அத பாத்து அழுதுட்டேன். அந்த 40 நாள்ல நான் ஏதாவது ஒரு நாள் உண்மையா இருந்தேன்னா அது அந்த ராத்திரிதான். எலியா தீர்க்கதரிசி சோர்ந்து போய் சூரைச்செடி கீழ படுத்தப்போ வந்த தூதன் நீ எத்தன நாள் விட்டுட்டேன்னு கணக்கா கேட்டான், திரும்ப தூங்கத்தானே விட்டான்.

செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷனுக்கு கீழ ஸ்ட்ரீக்க ஆஃப் பண்ற இடம் இருக்கு, தேடி கண்டுபிடிக்கணும். ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் மிச்ச நாள் வேற மாதிரி இருந்தது, ராத்திரி கேள்விக்கு பதில் எழுதறத நிறுத்திட்டு கண்ண மூடி ஆண்டவர்கிட்டயே சொன்னேன், சில நாள் சொல்ல ஒண்ணும் இருக்காது, அதையும் சொன்னேன்.

என் மார்க் 5க்கு 3.5. முதல் மூணு வாரத்துக்கு மட்டும்னா அஞ்சும் குடுப்பேன். வீட்டுல நோயாளிய பாத்துக்கறவங்க, துப்புரவு வேலை, செக்யூரிட்டி வேலை, டிரைவர், தையல், கணக்கு எழுதறவங்க, சின்ன குழந்தைங்கள வெச்சிருக்கற அம்மாக்கள், இவங்கள்லாம் தாராளமா கேளுங்க. சம்பளம் சரியா வராத இடத்துல மாட்டிட்டு இருக்கறவங்க நாலாவது வாரத்த விட்டுடுங்க, அதுக்கு பதிலா யாக்கோபு 5 வாசிங்க. எல்லாரும் முதல் நாளே ஸ்ட்ரீக்க ஆஃப் பண்ணிடுங்க.

நான் போன வாரம் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன், இந்த தடவ மாமியாருக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டு. நேத்து மெராரி நாள் வந்தது. முளைகள பேர் சொல்லி எண்ணச் சொன்னாருன்னு வந்தப்போ அவங்க கண்ண திறந்து "திரும்பப் போடும்மா"ன்னாங்க, போட்டேன்.