மூணு வருஷமா பானைக்கு ஸ்டெயின் பவுடர்: சிவப்பு மட்டும் கடுப்பேத்துது

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் "மச்சி, பானைல டிசைன் போட எந்த கலர் பவுடர் வாங்கலாம்"னு கேட்டான், அவன்கிட்ட பொலம்பினதையே எழுதிடறேன்.

எங்கிட்ட இருக்கறது மானாமதுரை மண்ணு, ஒரு சின்ன கரண்ட் சூளை, அவ்ளோதான். எனாமல் பெயின்ட் அடிச்ச பொங்கப் பானைய அடுப்புல ஏத்தினா கருகி நாத்தம் வரும்ல, அது பிடிக்காமதான் சுடறதுக்கு முன்னாடியே பூசற, சூளைச் சூட்டைத் தாங்கற ஸ்டெயின்ங்கற கலர் பவுடருக்கு வந்தேன்.

கோபால்ட் நீலத்தக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். பவுடர்ல பாத்த அதே நீலம் 1000 டிகிரி தாண்டியும் அப்படியே நிக்குது. மஞ்சளும் பரவால்ல. என்ன, நம்ம செம்மண் மேல நேரா பூசினா எல்லாமே அழுக்கா தெரியும், கீழ ஒரு கோட் வெள்ளைக் களிமண் போட்டே ஆகணும், அதையும் பானை பாதி ஈரமா இருக்கறப்பவே போடணும், முழுசா காஞ்சப்புறம் போட்டா பானை சுருங்கி முடிச்சிருக்கும், பூச்சு அப்பதான் சுருங்க ஆரம்பிக்கும், செதில் செதிலா உரிஞ்சு வந்துரும். இதக் கத்துக்க ஆறு பானை போச்சு.

இப்ப சிவப்புக்கு வரேன். நைசா இருந்தா நல்லா பரவும்னு அம்மியில அரைச்சேன். சுட்டு எடுத்தா செத்த கலர். அப்புறம் தேடிப் பாத்தாதான் தெரியுது, அது கேட்மியம்ங்கற விஷ உலோகத்துல செஞ்ச சிவப்பாம், ஒவ்வொரு துகளுக்கும் மேல சூடு தாங்கற சிர்கான்ங்கற கனிம ஓடு இருக்காம், அரைச்சா ஓடு ஒடைஞ்சு சூட்டுல நிறம் போயிருமாம். மூக்குல துணி கூட கட்டாம அரைச்சிருக்கேன்! அம்மிய தூக்கிப் போட்டதுக்கு அம்மாகிட்ட வாங்கின திட்டு தனி. பாக்கெட்ல ஒரு வரி போட்டிருந்தா என்னய்யா கொறஞ்சு போயிரும்? நியாயமா சொல்லணும்னா, அரைக்காம சும்மா கரைச்சு பூசினா நல்ல ரத்தச் சிவப்பு வருது. சோறு பொங்கற பானைக்கு மட்டும் அதத் தொடறதில்ல.

இதெல்லாம் பாத்துட்டு பக்கத்துத் தெருவுல பானை செய்யற வேளார் தாத்தா, "காவிக் கல் பொடிய, களிமண் கரைச்சு தெளிய வச்ச மேல்தண்ணில கலந்து பூசி கூழாங்கல்லால தேய்டா பேராண்டி"ன்னாரு. வெள்ளை கோட்டும் வேணாம், 900 டிகிரில அய்யனார் குதிரை செவப்பு அப்படியே வருது. சூடு ஓவரானா பழுப்படிக்கும், புகை மூடினா கறுத்துரும், அவ்ளோதான் அதோட வம்பு.

அதனால மச்சி, அந்த பாக்கெட் சிவப்பு உனக்கு வேணவே வேணாம். எனக்கு நேத்து விலை கொறைஞ்சிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு, இன்னொரு நூறு கிராம் போட்டுட்டேன்.