ரோஸ் மேடரா, பிளாக் அண்ட் ப்ளூவா?

ரெண்டு நாவல்லயும் அடிக்கிற புருஷன் போலீஸ்காரன், பொண்டாட்டி தப்பிச்சு ஓடறா, ஆனா ஸ்டீபன் கிங்கோட ரோஸ் மேடர் (1995) என்னை ரொம்ப ஏமாத்திடுச்சு. ஆரம்பம் மிரட்டல்தான், பெட்ஷீட்ல ஒரு சொட்டு ரத்தம் பாத்ததும் 14 வருஷம் பொறுத்தவ அவனோட ஏடிஎம் கார்டை எடுத்துக்கிட்டு கட்டின துணியோட கிளம்பறா, அந்த பயம் நமக்கும் தொத்திக்குது. அப்புறம் ஒரு பெயிண்டிங், அதுக்குள்ள வேற உலகம்னு போனதும் எல்லாம் போச்சு, நிஜமான அடிக்கு மந்திரத்துல பதில் சொன்னா எப்படிங்க?

ஆனா அன்னா குவிண்ட்லனோட பிளாக் அண்ட் ப்ளூ (1998) பக்கா திரில்லர்லாம் கிடையாது, நர்ஸ் ஒருத்தி மகனோட ஃபுளோரிடா போய் வேற பேர்ல வாழறா, பையன் அப்பாவை மறக்க முடியாம தவிக்கறதுதான் அவளுக்குப் பெரிய ஆபத்தே. படிக்கறப்போ நெஞ்சு அடைக்குது. இதையே எடுங்க.